மேஜைமேல் மெக்சிகோ

பந்திப்பூ என்று நம் ஊரில் சொல்லும் துலுக்கச் சாமந்தியின் வாடை கையை விட்டுப் போகவில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டாயிற்று. நேற்றுப் பாகாலா ஸ்டேஷன் வாசலில் உனக்காக வாங்கிய மாலை. தந்தி ஒரு நாள் தாமதமாக வந்ததால், நான் வந்து சேர்ந்தபோது உன் வீட்டில் ஒரு நாற்காலியும் அதன்மேல் உன் போட்டோவும்தான் இருந்தன. நாற்பத்தாறு வயதில் ஒரு பூகோள வாத்தியார் சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறுவது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மாலையைப் போட்ட பிறகுதான் உறைத்தது. இந்தப் பூவும் அன்று உன் மேஜைமேல் இருந்தது.

எல்லைச் சண்டை உச்சத்தில் இருந்த வருஷம் அது. நம் ஊர் ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று வாதாட இரண்டு கமிட்டிகள். தமிழ்க் கமிட்டிக்கு மனு எழுதிக்கொண்டிருந்தவன் தமிழாசிரியனான நான். "எங்கள் மிளகாய்க் குழம்பே நாங்கள் யார் என்பதற்குச் சாட்சி" என்பது அதில் மூன்றாவது பத்தி. தெலுங்குக் கமிட்டி மிளகாய் ஊறுகாயைச் சாட்சிக்கு அழைத்திருந்தது.

நீயோ எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொன்னாய். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், சீத்தாப்பழம், பந்திப்பூ, ஒரு அம்மிக் குழவி. மேஜைமேல் பரப்பி, "இன்னிக்கு மெக்சிகோ நம்ம கிளாசுக்கு வந்திருக்கு" என்றாய். அங்கே ஸ்பானிஷ் பேசுகிறார்கள், மக்காச்சோளத்தில் ரொட்டி தட்டுகிறார்கள், நம்மைப்போலவே கல்லில் மிளகாய் அரைக்கிறார்கள் என்றாய். வருஷத்துக்கு ஒரு முறை செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைத்து, வீட்டுக்கு வழி தெரியட்டும் என்று இந்தப் பூவை உதிர்த்துவைக்கிறார்கள் என்றாய். குழவியைத் தவிர மற்றதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவை என்றும் சொன்னாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "துன்றத வெச்சுத்தான் ஊரு யாருதுன்னு முடிவு பண்ணணும்னா, நம்ம ஊர மெக்சிகோவுல சேத்துடணும்" என்று பாடத்தை முடித்தாய்.

பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

மறுநாள் காலை இரண்டு கமிட்டிகளும் தலைமையாசிரியர் அறையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. அவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே மனு உன்மேல் போட்டதுதான்.

"மொளகா நம்மது இல்லியாம். இன்னா சார் பேசிக்கினு இருக்காரு இவரு?"

"மொளகாய வுடு நைனா. சீத்தாப்பழமும் இல்லியாம்! சீதம்மா துன்ன பழம்!"

"ஏமண்டி இதி?" என்றார் தெலுங்குக் கமிட்டிக்காரர். அதையே "என்னங்க இது?" என்று தமிழிலும் ஒரு முறை கேட்டுவைத்தார்.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "தமிழய்யா, நீங்க பழைய நூலெல்லாம் படிச்சவரு. இவரு சொல்றது நெஜமா? நெஜம்னா பாடம்தான்னு எழுதி அனுப்பிடறேன். இல்லேன்னா இவருக்கு மாத்தல்தான்."

நிஜம் என்று எனக்குத் தெரியும். பழைய பாட்டுகளில் மிளகு உண்டு, மிளகாய் கிடையாது என்று டீக்கடையில் உன்னிடம் பெருமையடித்தவனே நான்தானே? அதைப் பிடித்துக்கொண்டுதான் நீ தேடப் போனாய். இப்போது என்னையே பார்த்தாய். எனக்கு மூன்றாவது பத்தி ஞாபகம் வந்தது.

"ஆராய வேண்டிய விஷயம்" என்றேன். பேசியது என் வாய்தானா என்று திடுக்கிட்டுப்போனேன். அந்தத் திடுக்கிடல் இன்னும் தணியவில்லை.

பாகாலாவுக்கு மாற்றலாகி நீங்கள் ரயில் ஏறும்போது உன் மனைவி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ பேசினாய். "நீ பொய் சொல்லலப்பா. ஆராயணும்னுதானே சொன்ன? முடிஞ்சதும் ஒரு கார்டு போடு."

எல்லை முடிவாயிற்று. ஊர் ஆந்திராவிலேயே நின்றது. மிளகாய்க் குழம்பை யாரும் விசாரிக்கவில்லை. கார்டுக்கு என்ன அவசரம், அடுத்த மாதம் போடலாம் என்று நானும் வருஷக்கணக்காக இருந்துவிட்டேன்.

மாலையிலிருந்து உதிர்ந்த பூக்களைப் பையில் எடுத்துவந்தேன். இன்று காலை நம் பள்ளி வாசலிலிருந்து அந்த எட்டாம் வகுப்பு அறைவரை உதிர்த்தேன். புதுத் தலைமையாசிரியர், "இன்னா சார் இது, குப்ப?" என்றார்.

"மெக்சிகோ வழக்கம். மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான்" என்றேன், மிளகாயைப் பற்றி அவர் கேட்காமலே. அன்று பெஞ்சில் பார்த்த அதே முகம் அவருக்கும் வந்தது.

ஆராய்ச்சி முடிந்துவிட்டது. கார்டை எந்த விலாசத்துக்குப் போடுவது?