இனி லைன் கொடுக்க மாட்டேன்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் தம்பி சுகம், என் வலது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நீ சாப்பிட்டிருக்க மாட்டாய், மாப்பிள்ளையாவது சாப்பிட்டிருப்பார். போனில் தட்டி அனுப்பினால் பாதியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் விருது வாங்கியதை டிவியில் மறுபடி போட்டார்கள். அக்கா வரி எழுத, தம்பி மெட்டுப் போட, இவ்வளவு பொருத்தமாக எப்படி வருகிறது என்று மேடையில் மைக் பிடித்த பெண் கேட்டதும், எங்களுக்குள் பேசிக்கொள்ளவே தேவையில்லை என்று நீ சொன்னாய், அவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டினான், கூட்டம் கைதட்டியது. எனக்குக் காபி புரையேறிவிட்டது. நாலு வருஷமாகப் பேசிக்கொள்ளாததை இவ்வளவு அழகாகச் சொல்ல உன்னால்தான் முடியும். விருதுக்காக நீ இங்கே வந்து தங்கிய இரண்டு நாளும் அவனுக்கு ஸ்டுடியோவில் வேலை வந்துவிட்டதே, அதையும் சொல்லியிருக்கலாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தேன், ரிட்டயரான பிறகு சம்பளமில்லாமல் உங்களுக்குக் கொடுக்கிறேன். அவன் மெட்டை எனக்கு அனுப்புவான், நான் உனக்கு, நீ வரியை எனக்கு, நான் அவனுக்கு. நடுவில் என் கைவேலையும் உண்டு, இன்று ஒப்புக்கொள்கிறேன். கடைசி வரியில் கை வைத்தால் அடுத்த பாட்டே கிடையாது என்று நீ எழுதினால், கடைசி வரி அப்படியே இருந்தால் அக்காவுக்குச் சந்தோஷம் என்று சொல்வேன். இந்த வார்த்தையை வாயில் நுழைக்கக் கிரேன் வேண்டும் என்று அவன் கத்தினால், தம்பிக்கு இன்னும் கொஞ்சம் எளிதாக வேண்டுமாம் என்று எழுதுவேன். உங்கள் பாட்டில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, பெயர்தான் போடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு மெட்டு அனுப்பினான். எப்போதும் லாலா என்று முனகுவான் இல்லையா, இதில் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அக்கா அக்கா என்றே பாடியிருக்கிறான். என்னடா இது என்று அவன் அறைக்குப் போய்க் கேட்டேன். (சத்தம் வெளியே போகக்கூடாதென்று வீட்டு மெத்தையெல்லாம் அந்த அறைச் சுவரில்தான் நிற்கிறது, நான் பாயில் படுக்கிறேன்.) தாளத்துக்குச் சரியாக உட்கார்ந்தது, அதனால் பாடினேன் என்றான். அம்மா என்றாலும் அதே அளவுதானே என்றேன். பாட்டை நிறுத்தினான். அப்போதுதான் உங்கள் சண்டையின் காரணத்தைச் சொன்னான். நாலு வருஷமாக நான் கேட்டும் இரண்டு பேரும் சொல்லாதது.

மனைவி விட்டுப்போன அன்று, யாருக்கும் கேட்கக்கூடாதென்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததை உன்னிடம் சொன்னானாம். அடுத்த மாதமே அது உன் பாட்டில் வரியாக வந்ததாம். முடிவெட்டும் கடையில் பாடுகிறார்கள், பஸ்ஸில் பாடுகிறார்கள். பிறகு ஏன்டா மெட்டுப் போட்டாய் என்றேன். "வரி நல்லா இருந்துச்சும்மா, என்ன பண்றது. ஆனா அத நான் அவகிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றான். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஏனென்றால் அந்தக் குழாய்ப் பாட்டைப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் நாலு வருஷமாக அவன் எதிரிலேயே பாடிக்கொண்டிருப்பவள் நான்.

கேட்காமல் எடுத்தது தப்பு, பெரியவளே. சின்ன வயதில் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போவாய், இது சட்டை இல்லை. இந்த மெட்டை நான் உனக்கு அனுப்பப் போவதில்லை. நீயே அக்காவுக்குப் போட்டுக் காட்டு என்று சொல்லிவிட்டேன். கடிதம் கடல் தாண்டி வர எப்படியும் பத்து நாள் ஆகும், அதனால் அடுத்த மாதம் முதல் ஞாயிறு, உனக்குக் காலை பத்து மணிக்கு அவனே உன்னைப் போனில் கூப்பிடுவது என்று முடிவு செய்தோம். உன் நம்பரை எழுதிக் கொடுக்கப் போனேன், பார்க்காமலே சொல்கிறான் திருடன்.

எடுத்ததும் நீதான் முதலில் பேச வேண்டும். மன்னிப்பை எழுதி மட்டும் அனுப்பிவிடாதே, அவன் அதற்கும் மெட்டுப் போட்டுவிடுவான், மறுபடியும் ஊரே பாடும். வாயால் சொல், சாதாரண வார்த்தையில் சொல். நான் அப்போது மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு ஒரு விதி உண்டு, இரண்டு பக்கமும் குரல் வந்துவிட்டால் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட வேண்டும். முப்பத்தோரு வருஷம் அதை மீறியதில்லை. உங்கள் விஷயத்தில்தான் நாலு வருஷமாகக் கழற்ற முடியவில்லை, காது வலிக்கிறது.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? ஞாயிறு பத்து மணி. போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
லைனை விட்டு விலகிக்கொள்ளும்
உன் அம்மா