உள்ளே வெடித்திருந்த டயர்

புரட்டாசி, சனிக்கிழமை இரவு

போன வாரம் இடஒதுக்கீட்டு மறியல்காரர்கள் சாலையில் கொளுத்தப் பழைய டயர் கேட்டு வந்தார்கள். என் காரிலிருந்து கழற்றிய டயரைத் தர மனம் வரவில்லை. மேலே ரப்பர் பட்டன் தேயவில்லை, உள்பக்கம்தான் வெடிப்பு. வாடகைக் கார் ஓட்டும் ஏழுமலை ஸ்டெப்னி இல்லாமல் தவித்தான். அவனுக்குக் கொடுத்தேன். வெடிப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

இன்று கல்வராயன் மலை இறக்கத்தில் அந்த டயர் வெடித்து, கார் பாறையில் மோதியது. அவனுக்குக் கால் முறிந்துவிட்டது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவன் மனைவி என்னிடம், "அந்த டயர் எங்கேர்ந்துண்ணா வந்துச்சி?" என்று கேட்டாள்.

நான் வாய் திறக்குமுன், கிழிந்த டயரின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டிருந்த ஏழுமலை, "அண்ணன் குடுத்ததுதான். வெடிப்பு இருக்குதுன்னு சொல்லித்தான் குடுத்தாரு. நான்தான் கேக்காம மாட்டிக்கினு போனேன்" என்றான்.

நான் மறுக்கவில்லை. அவள் எனக்கு டீ வாங்கி வந்தாள். குடித்தேன்.