அழிக்கச் சொன்ன பகிடி

என்றைக்கும் எங்கள் வீட்டுக் கடைக்குட்டியான ஜெறாட்டுக்கு,

உன்னோடு நான் பேசாமல் விட்டு மூன்று வருடம். அந்த மௌனத்தை நீ இப்படி முடித்துவைப்பாய் என்று நான் நினைக்கவில்லை. நாற்பத்தொரு வயதில் மாரடைப்பு. கொழும்பில் வாடகை அறையில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல்.

நீ போய் நாலு மாதமாகிறது. உன் முப்பத்தோராம் நாள் பூசையை எங்கள் ஊர் பேசாலைக் கோயிலிலேயே வைத்தோம். உன் பகிடிக்கு விழுந்து விழுந்து சிரித்த கொழும்பு நண்பர்களில் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் அங்கேயே உனக்கு ஒரு நினைவுக்கூட்டம் நடத்தி, உன்னைத் துணிச்சல்காரன் என்று பேசினார்களாம். அந்தத் துணிச்சலைக் கேட்டவர்கள் ராத்திரி வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டார்கள். மறுநாள் ஊருக்குப் பதில் சொன்னவன் நான். இதையும் நான் மறக்கப்போவதில்லை.

மன்னார் டவுனில் நீ செய்த அந்த ஒரே நிகழ்ச்சியைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஸ்டாண்ட்-அப் கொமடி என்று நோட்டீசில் போட்டிருந்தாய். அம்மாவுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. "தனிய நிண்டு கதைக்கிறதுக்கு ஏன் பிள்ளை ஆக்கள் வாறவை?" என்று கேட்டுக்கொண்டே என்னோடு ஓட்டோவில் வந்தா. முன்வரிசைக் கதிரையில் இருந்தா. அவவுக்குப் பக்கத்தில் அரிப்புக் கிராமத்திலிருந்து வந்த சலோமி அக்கா. காணாமல் போனவர்களின் தாய்மார் வீதியோரம் பதில் கேட்டுப் படங்களோடு இருந்த நாள்களில் அம்மாவின் கையில் பெரியண்ணாவின் படம், அவவின் கையில் மகளின் படம். அந்தப் பழக்கத்தில்தான் அவவும் வந்திருந்தா.

நீ மைக்கைப் பிடித்ததும் சொன்ன முதல் வசனம்: "எங்கட மன்னாரில ஆள் காணாமல் போகும், மீன் காணாமல் போகும், தெருவெல்லாம் நிக்கிற கழுதை மட்டும் ஒருநாளும் காணாமல் போகாது."

 மண்டபம் சிரிப்பில் வெடித்தது. நானும் சிரித்தேன் தம்பி. எத்தனையோ வருடங்களாகக் குரலைத் தாழ்த்தி, வாசல் பக்கம் பார்த்துப் பார்த்துக் கதைத்த ஒரு விஷயத்தை ஒருவன் மைக்கில் சொல்கிறான். அத்தனை பேரும் ஒன்றாகத் தோளைத் தளர்த்தியதை அன்றுதான் கண்டேன். அதற்காகத்தான் சனம் உன்னிடம் வருகிறது என்று விளங்கியது.

பிறகு நீ எங்கள் வீட்டுக்குள் வந்தாய்.

"பெரியண்ணா காணாமல் போகேக்க அவரிட்ட இருந்தது ரெண்டே ரெண்டு சேட். அதிலயும் ஒண்டு என்ட. சின்னண்ணா அரசாங்கக் கச்சேரியில மொழிபெயர்ப்பாளர்தானே, போம் எல்லாம் அவர்தான் நிரப்பினவர். 'கடைசியாகக் காணப்பட்டபோது அணிந்திருந்த உடை' எண்டு ஒரு கேள்வி. முதல் போமில வெள்ளைச் சேட். ரெண்டாவதில நீலக் கோடு. மூண்டாவதில பச்சை. காணாமல் போனாப் பிறகுதான் மனுசனுக்கு நல்ல உடுப்புக் கிடைச்சிருக்கு. இன்னொரு விசாரணைக்குழு வந்தா கோட்டும் சூட்டும்தான்!"

அம்மா சிரித்தா. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தா. பக்கத்தில் சலோமி அக்கா அழுதுகொண்டு எழும்பி நின்றா.

"தம்பி, என்ட பிள்ளை அண்டைக்குப் போட்டிருந்த சட்டை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதை நினைக்காமல் நான் ஒருநாளும் படுக்கிறேல்ல. உமக்கு இது பகிடியோ?"

நீ மைக்கைக் கீழே வைத்தாய். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றாய். மைக் இல்லாததால் அது பின்வரிசைக்குக் கேட்கவில்லை. நீ மன்னிப்புக் கேட்கவே இல்லை என்றுதான் ஊரில் கதை பரவியது. எனக்குக் கேட்டது. கேட்டும் நான் ஒருவரையும் திருத்தவில்லை.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் நாம் கதைத்ததில் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"நீ போட்ட அந்த வீடியோவை முகநூலில இருந்து எடு."

"அண்ணா, அம்மா சிரிச்சவ. நீங்கள் பாக்கேல்லையோ?"

"பாத்தனான்."

"அதுக்கு முதல் அவ எப்ப சிரிச்சவ எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"சலோமி அக்கா அழுதது உனக்குக் கண்ணில படேல்லையா? உன்ட போனில இருக்கிறதையும் சேத்து அழி. இல்லாட்டி இந்தப் படலையைத் திறந்து உள்ள வராத."

நீ அழித்தாய். கோயில் பங்குச்சபை கண்டித்துக் கடிதம் எழுதியபோது அசையாதவன், முகநூலில் அத்தனை பேர் ஏசியபோது அவர்களுக்கே பகிடியால் பதில் சொன்னவன், நான் சொன்னதற்கு மட்டும் கீழ்ப்படிந்தாய். அழித்த பிறகும் நான் உன்னோடு கதைக்கவில்லை.

சலோமி அக்காவுக்காகக் கோபப்பட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். பெரியண்ணாவின் மானத்துக்காக என்றும் சொன்னேன். உண்மை அதுவல்ல. பெரியண்ணா போன அன்று காலை நான் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். "வாறன் தம்பி" என்று சொல்லிக்கொண்டு சைக்கிளை உருட்டிப் போனார். நான் தலையை நிமிர்த்தவில்லை. என்ன சேட் போட்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. கேள்விக்கு நேரே வெற்றிடம் விட்டால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, ஒவ்வொரு முறையும் வாயில் வந்த நிறத்தை எழுதினேன். முன்பு எழுதியது எனக்கே நினைவிருக்கவில்லை.

எந்த விசாரணைக்குழுவும் அந்தப் படிவங்களை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கவில்லை. எங்கள் அலுமாரியில் கிடந்த பிரதிகளை எடுத்து நீதான் பார்த்தாய். பார்த்துவிட்டு என்னிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஜெறாட்? ஏன் சனத்துக்கு முன்னால்? அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆனால் தனியாகக் கேட்டிருந்தால் நான் உண்மை சொல்லியிருப்பேனா?

போன கிழமை பின்னேரம் அம்மா கட்டிலில் இருந்தபடி கேட்டா: "இவன் ஜெறாட் சொன்ன அந்தச் சேட்டுப் பகிடியை ஒருக்காப் போட்டுக் காட்டு. போனில வருமெண்டு சொன்னவங்கள்."

"இப்ப அது இல்லை அம்மா."

"அப்ப நீ சொல்லு. நீயும் இருந்தனிதானே."

சொன்னேன். வெள்ளை, நீலக் கோடு, பச்சை எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். கோட்டும் சூட்டும் வந்தபோது நிறுத்திப் பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"என்ன பிள்ளை, அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வாசிக்கிறாய்?"

அப்போதுதான் சொன்னேன், அழிக்கச் சொன்னது நான்தான் என்று. சேட்டின் நிறம் எனக்கு எப்போதுமே தெரியாது என்பதையும் சொன்னேன். அவ ஏசுவா என்று காத்திருந்தேன். ஏசவில்லை.

"சேட் என்ன நிறமெண்டு எனக்கும் தெரியாது" என்றா. "அண்டைக்கு நான் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்கில்லை... பெரியவன்ட குரல் எப்பிடியெண்டு எனக்கு மறந்துபோச்சு. எவ்வளவு நினைச்சாலும் வருகுதில்ல. இவன்ட குரலாவது போனுக்குள்ள கிடக்குமெண்டு இருந்தன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தா. அன்று சாப்பிடவில்லை.

நீ சொன்னது சரியென்று இப்போதும் நான் எழுதமாட்டேன். சலோமி அக்காவின் கண்ணீருக்கு உன் பகிடியிடம் பதில் இல்லை. அம்மாவின் சிரிப்புக்கு என்னிடமும் பதில் இல்லை. இரண்டும் அருகருகே இரண்டு கதிரைகளில் நடந்தன. அதில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு நான் மூன்று வருடம் வாழ்ந்துவிட்டேன்.

அந்த மண்டபத்தில் பலர் போனைத் தூக்கிப் பிடித்திருந்ததைக் கண்டேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுப்பதும் அதற்காகத்தான். யாரிடமாவது உன் குரல் ஒரு நிமிடம் இருந்தாலும் போதும். என்னோடு முகம் பார்த்துக் கதைக்காதவர்களும், நான் முகம் கொடுக்காதவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போவேன். முதலில் அரிப்புக்கு. சலோமி அக்காவின் மருமகன் அன்று அவவுக்குப் பக்கத்தில் நின்று போனில் வீடியோ பிடித்துக்கொண்டிருந்தவர். அவவின் கண்ணீரை உனக்கு எதிராக எடுத்துக்கொண்ட நான், அதன் பிறகு ஒருதரம்கூட அவவைப் போய்ப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று கேட்பேன்.

கிடைத்தால், அதை அம்மாவின் காதருகே வைப்பேன். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றே சொல்வேன்.

உனக்கும் பெரியண்ணாவுக்கும் நடுவில் பிறந்த,
சின்னண்ணன்