கணவாய்க்கு இந்தப் பக்கம்

ஏப்ரல் 9
விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கி ஆறு வாரம். பன்னிரண்டாவது தடவையாக அதே பயணம்: எங்கள் ஊர் ஓடுபாதை, நாற்பது மைல் கோதுமை வயல், பக்கத்து ஊரில் ஒரு காபி, திரும்பல். மேற்கே மலை. நாற்பத்தொன்பது வயதில், தபால் நிலைய வேலைக்கு நடுவே படித்தது இதற்குத்தானா?

சாப்பிடும்போது கோர்டன் சொன்னார்: "அதே வானத்தை இன்னும் எத்தனை தடவை கூட்டிப் பெருக்கப் போறே, லோர்னா?" கட்டின புருஷன் வாயிலிருந்து வந்ததுதான் எரிச்சல். அது உண்மையும்கூட.

ஏப்ரல் 12
மகன் எரிக்குக்கு மே 16 பட்டமளிப்பு. மலைக்கு அந்தப் பக்கம், காரில் ஆறு மணி நேரம். "நான் பறந்தே வர்றேன்" என்று போனில் சட்டென்று சொல்லிவிட்டேன். "நிஜமாவாம்மா?" என்றான். சின்னப் பையன் குரல்.

ஏப்ரல் 13
எனக்குக் கற்றுத்தந்த ஷானாவுக்கு இருபத்தாறு வயது. தயவு தாட்சண்யம் கிடையாது. "ஓட்டத் தெரியும் உங்களுக்கு. ஆனா ஒரே ஒரு வழியிலதான் தெரியும். கிளைடர்ல ஏறுங்க. பெரிய விமான நிலையத்துக்குப் போங்க. புல்தரையில இறங்கிப் பழகுங்க. மலைக்கு என்கூட ரெண்டு தடவை. அப்புறம் தனியா."

ஒரு மாதத்தில் இத்தனையுமா?

ஏப்ரல் 25
கிளைடர். இன்ஜின் கிடையாது; இழுத்துப்போன விமானத்தின் கயிறு விட்டதும் காற்றுச் சத்தம் மட்டும். "மூக்கு ஒரு பக்கம் போகுது, நீங்க ஒரு பக்கம் போறீங்க" என்றார் பின்னால் இருந்த பயிற்சியாளர். வாலைத் திருப்பும் பெடலை மிதிக்க வேண்டிய என் கால்கள் இத்தனை நாள் தூங்கியிருக்கின்றன.

மே 2
பெரிய விமான நிலையம். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ரேடியோவில் மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் இறங்கினேன்.

மே 10
ஷானாவுடன் கணவாய். "நடுவுல போகாதீங்க. வலது ஓரமா போங்க, திரும்ப இடம் வேணும். அந்தப் பக்கம் தெரியலைன்னா நுழையவே கூடாது."

மே 14
தினமும் மழை. இரண்டாவது தடவை போகவே இல்லை.

மே 15
"கார்ல போயிடுங்க" என்கிறாள் ஷானா. கோர்டனும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகக் கிளம்பிவிட்டார். நான் ஏன் போகவில்லை? சொன்ன சொல்லா, வீம்பா?

மே 16
திரும்பிவிட்டேன்.

கணவாய் வாசல்வரை வெயில். அந்தப் பக்கம் சரியாத் தெரியல. தெரியுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உள்ளே போய் இரண்டு நிமிஷம், மேகம் இறங்குது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் — எரிக் மேடை ஏறுவான் — மரமெல்லாம் இவ்வளவு கிட்டயா? விமானத்தை இடது பக்கம் சாய்த்துத் திருப்பினேன். ஓரமாக வந்திருந்ததால் இடம் இருந்தது. மயிரிழையில் தப்பினேன்.

ஊர்வரை ஓட்டிப்போகத் தைரியம் இல்லை. மலையடியில் ஒரு பண்ணைப் புல்தரையில் இறங்கினேன். மாடுகளை விலக்கிக்கொண்டு வந்த பண்ணைக்காரர், "வழி தவறிட்டீங்களா?" என்றார்.

"இல்ல. தவற இருந்தேன்."

கோர்டனுக்குப் போன் செய்தேன். பின்னால் கைதட்டல் கேட்டது. யாருக்கென்று கேட்கவில்லை.

மே 17
எரிக் போனை எடுக்கவில்லை.

மே 24
எடுத்தான். "வருத்தம்தாம்மா. பொய் சொல்ல மாட்டேன்." பிறகு, "அப்பா அன்னிக்கு உக்காரவே இல்ல, தெரியுமா? நீ போன் பண்ற வரைக்கும் சுவரோரம் நின்னுக்கிட்டே இருந்தார்."

கோர்டன் இதை என்னிடம் சொல்லவே இல்லை.

ஜூன் 13
ஷானாவுடன் இரண்டாவது தடவை. பிறகு மூன்றாவதும். நானாகக் கேட்டது.

ஜூன் 27
எரிக் வந்திருக்கிறான். காலையில் அவனை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போனேன். கணவாய் முழுக்க வெள்ளை. வாசலிலேயே திருப்பினேன்.

"அவ்வளவுதானா?" என்றான்.

"இன்னிக்கு அவ்வளவுதான்."

வரும் வழியில் தூங்கிவிட்டான்.