மஞ்சு பேசாத நாட்கள்

ஜூலை 8, திங்கள்

ஏரியில் வலை போட இன்று எங்கள் பாடு, எங்கள் முறை. மஞ்சுவின் அப்பா வலையைத் தோளில் போட்டுப் படி இறங்கும்போது மஞ்சு பின்னாலேயே ஓடி, "நைனா, எங்க?" என்றாள். நான் அவள் வாயைப் பொத்துவதற்குள் அவர் காதில் விழுந்துவிட்டது.

மதியம் வெறும் வலையோடு வந்தார். "தொழிலுக்குப் போறவன எங்கன்னு கேக்கலாமா? புள்ளைய அடக்கி வெக்கத் தெரியாதா உனக்கு?" தெருவுக்கே கேட்டது. மஞ்சு கதவுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றாள். இரண்டரை வயதுக் குழந்தைக்குச் சகுனம் தெரியுமா? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜூலை 11

மஞ்சு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டுகிறாள்.

ஜூலை 19

அங்கன்வாடி வளர்மதி டீச்சர் வழியில் நிறுத்தினார். "அங்கயும் வாயத் தொறக்க மாட்றா. வூட்ல அவகூட யாரு பேசறீங்க?"

யாரு பேசறது? அவர் வந்ததும் படுத்துவிடுவார். நான் இறால் உரிக்கும்போது அவள் கையில் போனைக் கொடுத்துவிடுகிறேன்.

"போனு அவளுக்குப் பதில் சொல்லுமா? நீ செய்றத சொல்லிக்கினே செய். அவ பேசற வரைக்கும் கொஞ்சம் பொறு. எதுக்கும் காதையும் காட்டிட்டு வா."

ஜூலை 22

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். காது நன்றாகவே இருக்கிறதாம். அப்போ பயம்தான். பயந்துதான் மூடிக்கொண்டிருக்கிறாள். அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வருகிறது—

ஜூலை 25

இறாலை எடுத்து அவளிடம் காட்டினேன். "இது மீச. இது தல. தலையப் பிச்சிட்டேன். அடுத்து இன்னா?" கையை நிறுத்திக் காத்திருந்தேன். என் வாயையே பார்த்தாள். நானே "வாலு" என்று சொல்லிப் பிய்த்தேன்.

ஜூலை 30

"வாலு" என்றாள்! மெதுவாகத்தான். அழுதுவிட்டேன். அவர் உள்ளே வந்ததும் மறுபடி ஊமை.

சொல்லிவிட்டேன். "உன்னப் பாத்தாதான் வாய மூடிக்கிறா. நீதான் அவளாண்ட பேசணும்." வலையைத் தைக்க உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு மறுபடி எங்கள் பாடு.

ஜூலை 31

அவர் படி இறங்கினார். மஞ்சு வாசலுக்கு ஓடினாள். அவளைப் பிடிக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"நைனா, எங்க?"

நின்றார். படகிலிருந்து கூட்டாளிகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து அவள் முன்னால் குந்தினார். "ஏரிக்குப் போறேம்மா. மீனு புடிக்க."

மதியம் குழம்புக்குக்கூட மீன் இல்லை. என்ன கத்தப் போகிறாரோ என்று அடுப்பருகிலேயே நின்றேன்.

"ஏரில மீனு இல்ல மஞ்சும்மா."

"ஏன்?"

"அதுவா..." என்று அவளை மடியில் இழுத்துக்கொண்டார். சோறு ஆறியது. நான் கூப்பிடவில்லை.