மெஷின் பலகைக்கு அடியில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? விடுதியில் நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

சிறுதொழில் மானியத்துக்கு நீ விண்ணப்பம் கேட்டபோது மாமா என்ன சொன்னார்? "படிக்காத உனக்கெல்லாம் எவன் அக்கா தருவான்? போ, போய்க் கிழிசலைத் தை." விதிமுறைப் புத்தகத்தை நூலகத்தில் மூன்று முறை படித்துவிட்டேன். படித்திருக்க வேண்டும் என்று எங்குமே இல்லை. பள்ளிக் கணினியில் தேர்வானவர்கள் பட்டியலைப் பார்த்தேன். அதில் மாமா பெயர். அவருடைய 'தையலகம்' என்று போட்டிருக்கும் படத்தில், கைப்பிடி உடைந்த நம் தையல் மெஷின்! அன்று வீட்டுக்கு வந்தபோது அவர் அதைப் போட்டோ பிடித்தது இதற்குத்தான்.

பணம் தருமுன் அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். அதற்காக மாமா மெஷினை இரவல் கேட்டு வருவார். மறுக்காதே அம்மா. சிரித்த முகமாகக் கொடு, டீயும் போட்டுக் கொடு. ஏழாம் வகுப்பில் அந்தப் பலகைக்கு அடியில் காம்பஸால் உன் பெயரைச் செதுக்கி உன்னிடம் அடி வாங்கினேனே, அங்கே குனிந்து பார்க்கும்படி அதிகாரிக்கு எழுதிவிட்டேன்.

உன் விண்ணப்பத்தை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. கூடவே உன் தலையணை உறையையும் அனுப்பு. துவைக்க வேண்டாம், உன் வாசம் போய்விடும்.

மணி அடித்துவிட்டது. அதிகாரி வரும் அன்று நீயும் மாமா வீட்டுக்குப் போ; அவர் குனியும்போது மாமாவின் முகத்தை எனக்காகவும் சேர்த்துப் பார்.

உன் மகள்