போட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால்

அக்கா,

நேற்று தி. நகரில் ஒரு கடைக்குச் சுடிதார் எடுக்கப் போயிருந்தேன். நான் தயங்கி நிற்பதைப் பார்த்த கடைப் பெண், "ட்ரையல் பாத்துட்டு வாங்க மேடம். புடிக்கலன்னா வெச்சுட்டுப் போலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். துணியைப் பிரிக்கவே இல்லை. புதுத் துணியின் கஞ்சி வாசனை அந்தச் சின்ன அறை முழுக்க இருந்தது. சாயங்காலம் நீங்கள் வீடு திரும்பும்போது உங்கள் புடவையிலிருந்து வரும் வாசனை.

சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்தீர்கள். காலையில் ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கி, ஒரு ஜவுளிக்கடை வாசலோரம் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். வாங்கிய துணியை அவரவர் உடம்புக்குப் பிடித்துக் கொடுக்கும் வேலை. என் பட்டமளிப்பு விழாவுக்கான சுடிதாரையும் நீங்கள்தான் பிடித்துக் கொடுத்தீர்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்று என்னைவிட நீங்கள்தான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

"இன்னாடி ஊமக்கோட்டான், டிகிரி வாங்கின அப்பறமாச்சும் வாயத் தொறப்பியா?"

"தொறப்பேன்க்கா."

"பாக்கலாம், பாக்கலாம்." பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே சிரித்தீர்கள். "உள்ள ஒரு வெரல் துணி வுட்டுக்கீறேன். வேலைக்குப் போயி நல்லா துன்னா உடம்பு போடும். பிரிச்சு வுட்டுக்க."

அந்த வருடமே உங்கள் விரல்கள் வீங்க ஆரம்பித்தன. காலையில் மடக்க முடியாது. ஊசியில் நூல் கோக்க, பக்கத்தில் பூ விற்பவரைக் கூப்பிடுவீர்கள். எனக்கு அப்போதுதான் மயிலாப்பூரில், ஒரு கிளினிக்கின் மாடியில் இயங்கிய மருந்து ஆய்வு மையத்தில் வேலை கிடைத்திருந்தது. மூட்டு வீக்கத்துக்கு ஒரு புது ஊசியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள்; ட்ரையல் என்பார்கள். ஆட்கள் போதவில்லை என்று டாக்டர் சொன்னபோது, நான்தான் உங்களைப் பற்றிச் சொன்னேன். இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் வேலை, சேர வருகிறவர்களுக்குச் சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டுவது. பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில், காய்ச்சல் வந்தால் ஊசியை உடனே நிறுத்த வேண்டும் என்று இருந்தது. பதினொன்றாம் பக்கத்தில், "இவ்வாய்வினின்று எந்நேரமும் விலகிக்கொள்ளத் தங்களுக்கு முழு உரிமையுண்டு" என்று தொடங்கி ஆறு வரி. எனக்கு மேலே இருந்த மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். "அவ்ளோத்தையும் படிச்சா ஒருத்தரும் சேர மாட்டாங்கம்மா. மொத ரெண்டு பக்கம் படி. கையெழுத்து வாங்கு." உங்களுக்கும் இரண்டு பக்கம்தான் படித்தேன். "நீ படிச்சுப் பாத்துட்டல்ல, அப்பறம் எனக்கு இன்னா" என்று எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டீர்கள்.

சம்மதத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. அதுவும் முதல் ஊசிக்கு முன்னால். உங்களுக்கு மூன்றாவது ஊசியும் போட்ட பிறகுதான், தணிக்கைக்கு ஆள் வருவதாகத் தெரிந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். பழைய தேதியைப் போட்டுக்கொள்ளலாம் என்றார் மேடம். நீங்கள் நீலப் புடவையும் தலையில் பூவுமாக வந்தீர்கள். "படம் புடிக்க சொல்லோ அழுக்குப் பொடவையிலயா வருவாங்க?"

கேமராவை ஓட விட்டு நான் படிக்கத் தொடங்கினேன். நடுவில் கையை நீட்டி நிறுத்தினீர்கள்.

"ட்ரையலு ட்ரையலுன்றியே கண்ணு, அது நம்ம கடை ட்ரையல் மாதிரிதான? போட்டுப் பாத்து புடிக்கலன்னா குடுத்துட்டுப் போய்க்கினே இருக்கலாம்ல?"

மேடம் சிரித்தார். டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். பதினொன்றாம் பக்கத்தை யாரும் படித்துக் காட்டாமல் நீங்களே கேட்டிருந்தீர்கள்.

"இது வேணாம், அழிச்சிடு. சொல்ல வேண்டியதச் சொல்லிக் குடு" என்றார் மேடம். சொல்லிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னீர்கள்: "படித்துக் காட்டினார்கள். புரிந்துகொண்டேன். சம்மதிக்கிறேன்." முதல் வீடியோவை அழித்தது என் விரல்தான்.

கொஞ்ச நாள் உங்களுக்கு நன்றாகவே இருந்தது. ஒருநாள் எங்கள் வாசலில் நின்று, கண்ணெதிரே ஊசியில் நூல் கோத்துக் காட்டினீர்கள். அந்த முகத்தை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தது.

"நாலு நாளா வுட மாட்டேங்குது கண்ணு. ஊசிய நிறுத்திக்கட்டா?"

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "சீசன் ஃபீவர்மா. மாத்திரை குடுங்க. இந்த டோஸ் விட்டா டேட்டா போயிடும்" என்றார். அவர் சொன்னபடியே, லேசான காய்ச்சல், மருந்துக்குத் தொடர்பில்லை என்று எழுதினேன். ஒன்பதாம் பக்கம் எனக்கு மனப்பாடம். இருந்தும் வெளியே வந்து, "போட்டுக்கச் சொல்றார்க்கா" என்றேன்.

"நீ படிச்ச பொண்ணு. நீ சொன்னா சரி." ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக்கொண்டீர்கள்.

உங்களைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது நுரையீரல் முழுக்கக் காசநோய். உள்ளே அடங்கிக் கிடந்ததை இந்த ஊசி கிளப்பிவிட்டிருக்கலாம் என்று அங்கே இருந்த டாக்டர் உங்கள் மகளிடம் சொல்லியிருக்கிறார். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவள் மாடிப்படி ஏறி வந்தாள். மேடம் அவளை உட்கார வைத்து வீடியோவைப் போட்டுக் காட்டினார். நீலப் புடவையில் நீங்கள். புரிந்துகொண்டேன்.

"இது எங்கம்மா பேச்சே இல்ல" என்றாள் உங்கள் மகள். "அது 'பிரிஞ்சிச்சு'ன்னுதான் சொல்லும். என்னிக்கு 'புரிந்துகொண்டேன்'ன்னு பேசிச்சு?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ இருந்தல்லக்கா? எங்கம்மா, அதுவாவா இப்டி சொல்லிச்சு?"

மேடமும் என்னைப் பார்த்தார்.

"ஆமா" என்றேன்.

டிகிரி வாங்கிய பிறகு நான் வாயைத் திறந்தது அதற்குத்தான் அக்கா.

பிறகு வேலையை விட்டேன். நடந்ததை எல்லாம் எழுதி, ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினேன். முதல் வீடியோ எங்கே என்று கேட்டார்கள். நானே அழித்தேன் என்று எழுதினேன். ஆவணங்கள் முறையாக இருப்பதாகப் பதில் வந்தது. முறையாகத்தான் இருக்கும். அவற்றை ஒழுங்குபடுத்தியது நான்தானே. உங்கள் மகளிடமும் ஒருநாள் உண்மையைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "இப்ப சொல்லி இன்னா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போகிறாள். அந்த மாடிக்கு இன்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவளும் படித்த பெண்ணாக இருப்பாள்.

பட்டமளிப்புச் சுடிதார் இப்போது இறுக்குகிறது. நீங்கள் உள்ளே விட்ட ஒரு விரல் துணி அப்படியே இருக்கிறது. அதைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை.

நேற்று ட்ரையல் அறைக்குள் நிற்கும்போது தோன்றியது. பதினொன்றாம் பக்கத்து ஆறு வரியையும் அந்தக் கடைப் பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். உங்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது அவ்வளவுதான். அதைச் சொல்லப் பட்டம்கூட வேண்டியதில்லை.

வெளியே வந்ததும் அவள் சிரித்த முகமாகக் கேட்டாள்: "சரியா இருந்துச்சா மேடம்?"

கைகூட நுழைக்காத துணி.

"ஆமா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.